காஞ்சிபுரத்தில் வில் வாங்கலாமா?

வில் செய்வது பெரிய கஷ்டமில்லை. செய்த வில்லை வாசலில் சாத்தி வைத்துவிட்டு, வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம்.

கையால் ஒரு பொருளைச் செய்து விற்கிற எல்லோருக்கும் இது தெரியும். பானை வனைகிறவர், பாய் பின்னுகிறவர், செருப்பு தைக்கிறவர், நீங்களெல்லாம் என் கட்சி. உங்களிடம் சொல்லி அழாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்கு மரவேலை செய்துகொண்டிருந்தவன். நாலு வருஷமாக வில் செய்கிறேன். சடச்சி மரத்தை நார் போகிற வழியிலேயே பிளந்து, நிழலில் மாதக்கணக்கில் காயவைத்து, இழைப்புளியால் இழைத்து, கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்ட வேண்டும். வில்லின் மேல் கையும் கீழ் கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று சுவரில் மாட்டி இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சண்டித்தனம் செய்தால் இன்னும் கொஞ்சம் சுரண்டல். அதிகம் சுரண்டிவிட்டால் அது விறகு. இவ்வளவும் எதற்கு என்றால், அம்பு போக வேண்டும் என்பதற்கு. அந்த ஒரு விஷயத்தைத்தான் வாங்க வருகிற யாரும் கேட்பதில்லை.

குச்சி என்ன விலை?

சும்மா இருக்கிற வில்லுக்கு நாண் பூட்டி வைக்கக் கூடாது. பூட்டியே வைத்தால் மரம் அந்த வளைவுக்குப் பழகிப்போய், இழுத்துவிட்டாலும் வேகம் கொடுக்காது. அதனால் என் கடையில் எல்லா வில்லும் நாண் இல்லாமல் நெட்டுக்குத்தலாகத்தான் நிற்கும். வருகிறவர்கள் கண்ணுக்கு அவை குச்சிகள். துணி காயப்போட, ஒட்டடை அடிக்க, முருங்கைக்காய் பறிக்க என்று இதுவரை பலரும் விலை கேட்டிருக்கிறார்கள். ஒரு பெரியவர் ஒன்றை ஊன்றி நாலு அடி நடந்து பார்த்துவிட்டு, பிடி சரியில்லை என்று வைத்துவிட்டுப் போனார்.

போன சித்திரையில் ஒருவர் வந்தார். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு வந்தவர். வீட்டுப் பெண்கள் புடவைக் கடைக்குள் நுழைந்துவிட்டால் ஆண்களுக்கு ஊரைச் சுற்றிப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். அப்படிச் சுற்றி வந்து, "இந்தக் குச்சி என்ன விலை?" என்றார். ஒன்றை எடுத்து, காலில் கொடுத்து வளைத்து, நாண் பூட்டிக் காட்டினேன். மனிதர் அசந்துபோனார். உடனே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, நாணைக் கழற்ற வேண்டாம், அப்படியே வேண்டும் என்றார். கழற்றி வைக்காவிட்டால் வில் வீணாகிவிடும் என்று விளக்கினேன், பொறுமையாகத்தான் விளக்கினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நான் எங்க சார் சண்டைக்குப் போறேன்? ஹால்ல டிவிக்கு மேல மாட்டப் போறேன்."

பந்தயம்

இந்தப் பேச்சு பின் அறை வரைக்கும் கேட்டிருக்கிறது. அங்கே என் மனைவி அமுதா பட்டு நெய்கிறாள். வீட்டில் நிச்சயமான வருமானம் அவளுடையது, முன்னறையில் கிடக்கிற மரத்தூள் என்னுடையது. அந்த முன்னறையில் தறிக்குழி தோண்டி இரண்டாவது தறி போட வேண்டும், பக்கத்துத் தெருவில் கூலித்தறிக்குப் போகும் தன் தங்கையை அதில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நியாயமான ஆசைதான். நியாயமாக இருப்பதால்தான் எனக்குக் கோபம் வரும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். என் வில்லுக்கெல்லாம் நாண் முறுக்கித் தருவதும் அவள்தான். நெய்து முடித்த சேலையை அறுத்தெடுத்த பிறகு தறியில் மிஞ்சுகிற பாவு நூலை எடுத்து, தொடையில் வைத்து உருட்டி முறுக்கி, தேன்மெழுகு பூசிக் கொடுப்பாள். அந்தச் சேலை அரக்கு என்றால் நாணும் அரக்கு, மாம்பழ மஞ்சள் என்றால் நாணும் மஞ்சள். ஆனால் வில்லை மட்டும் அவள் வில் என்று சொன்னதில்லை. கொம்பு என்றுதான் சொல்வாள்.

டிவிக்காரர் போனதும் தறியை விட்டு எழுந்து வந்தாள். "நாலு வருஷமா செய்யறீங்களே, உங்க கொம்புல ஒரு அம்பாவது போயிருக்குதா?" என்று கேட்டாள். கொல்லையில் நான் விட்டுப் பார்த்திருக்கிறேனே என்றேன். "ஆக்கினவளே தின்னுப் பாத்து நல்லா இருக்குதுன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆறே மாதத்தில் காட்டுகிறேன் என்று வாயை விட்டேன். அதற்குத்தான் காத்திருந்தவள் போல அங்கேயே பந்தயம் கட்டினாள்.

"சரி. ஆயுத பூஜைக்குள்ள வெளியாள் ஒருத்தர் உங்க கொம்புல அம்பு உடணும், அத நான் என் கண்ணால பாக்கணும். இல்லன்னா பூஜை அன்னிக்கு முன்ரூம்புல பொட்டு வெக்கறது தறிக்குத்தான்."

மேடை

பந்தயம் கட்டிய வாரத்திலேயே ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் வந்தார். தலைவர் காஞ்சிபுரம் வருகிறார், எல்லா ஊரிலும் வாள் கொடுத்துக் கொடுத்துத் தலைவருக்கு அலுத்துப்போய்விட்டது, நாம் வில் கொடுக்கிறோம் என்றார். ஆறடி உயரம் வேண்டும், அம்பும் வேண்டும் என்றார். அம்பு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேடையிலேயே வானத்தைப் பார்த்து ஒரு அம்பு விட்டால் போதும், என் முன்னறை தப்பித்தது.

வில் செய்கிறவர்கள் எல்லோரும் வாங்குகிறவரிடம் கெஞ்சிச் சொல்கிற ஒரு விஷயம் உண்டு. அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்போடு போக வேண்டிய வேகம் போக இடமில்லாமல் மரத்துக்குள்ளேயே திரும்பி வரும், வில் பிளந்துவிடும். எல்லோரும் தலையாட்டுவார்கள். கையில் வாங்கியதும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் அதுதான். டொய்ங் என்று ஒரு சத்தம் கேட்டாக வேண்டும் அவர்களுக்கு.

நான் அமுதாவையும் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போயிருந்தேன். தலைவர் வில்லை வாங்கினார். அம்பைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டார். போட்டோக்காரர்கள் "இன்னும் கொஞ்சம் சார், இன்னும் கொஞ்சம்" என்றார்கள். அவரும் இன்னும் கொஞ்சம் இழுத்து, சிரித்து, விட்டார். சுளீர் என்று ஒரு சத்தம். வில்லின் மேல் கை முறிந்து அவர் கழுத்து மாலையில் சிக்கித் தொங்கியது. கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. அமுதா என்னைப் பார்க்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் கிளைச் செயலாளர் வந்தபோது சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து, நான் எச்சரித்ததையெல்லாம் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் உட்கார்ந்து டீ வாங்கி வரச் சொன்னார்.

"ஒடஞ்சத பத்தி நாங்க ஒண்ணும் சொல்லலபா. ஜனகர் வில்லையே முறிச்ச எங்கள் ராமரேன்னு ஊரு பூரா போஸ்டர் அடிச்சிட்டோம். அடுத்த மாசம் பக்கத்துத் தொகுதியில கூட்டம், இதே மாதிரி கரெக்டா ஒடையற வில்லு ஒண்ணு போட்டுக் குடு."

பாஞ்சாலி யாருக்கு?

வைகாசியில் கூத்துக்காரர்கள் வந்தார்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு வில் வளைப்பு ஆட வேண்டும். எல்லாக் கூத்திலும் மூங்கில் பத்தையில் காகிதம் ஒட்டி ஆடுகிறார்கள், எங்கள் வாத்தியார் நிஜ வில் கேட்கிறார் என்றார்கள். வாத்தியார்தான் அர்ச்சுனன். சுயம்வரத்தில் துரியோதனன் முதலான ராஜாக்கள் எல்லோரும் தூக்கிப் பார்த்துத் தோற்க வேண்டும், கடைசியில் அர்ச்சுனன் வந்து நாண் பூட்ட வேண்டும். அப்படியானால் வில் முரட்டு வில்லாக இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அங்கேதான் புத்தி கெட்டது. பத்து நாள் உழைத்து, நானே மூச்சுப் பிடித்துப் பூட்ட வேண்டிய வில் ஒன்றைச் செய்தேன்.

மத்தியான வெயிலில் கோயில் மைதானத்தில் ஒத்திகை. துரியோதனன் வேஷக்காரர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அவர் வில்லைத் தூக்கினார், தோற்பதற்காக லேசாக அழுத்தினார், நாண் போய் வில் நுனியில் வெட்டிய குதையில் உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நாணைத் திரும்பக் கழற்றினேன், வாத்தியார் வந்தார். அறுபது வயசு, ஒல்லி உடம்பு, பாட்டு வெண்கலம் மாதிரி இருக்கும். மூன்று விருத்தம் பாடி முடித்தும் வில் வளையவில்லை. நாலாவது விருத்தத்தில் மிருதங்கக்காரர் எழுந்து வந்து கைகொடுத்தார். வில்லைக் கொஞ்சம் இளக்கிக் கொடுங்கள் என்று வாத்தியார் என்னிடம் கேட்டபோது எனக்கு வாயில் வந்ததைச் சொல்லவில்லை. அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து, பத்து நாள் வேலையைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி எடுத்தேன். சுரண்டச் சுரண்டத் துரியோதனனுக்கு இன்னும் சுலபமாகிக்கொண்டே போனது.

அம்பாவது விடுவார்களா என்று கேட்டேன். அர்ச்சுனன் அம்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடிப்போய்க் கம்பத்தில் இருக்கிற மீனைக் குத்துவார், அதுதான் வழக்கம் என்றார்கள். துரியோதனன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், நல்ல மனுஷன்.

"என் மேல தப்பு ஒண்ணும் இல்லண்ணே, கையில குடுத்தா அது தானா வளையுது. நீங்களே வாத்தியார்கிட்ட பேசி, பாஞ்சாலிய இந்த ஒரு வருஷம் எனக்கே கட்டி வெச்சிடுங்க."

திருமுக்கூடலில் ஒரு ஜோடி

கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் போட்டோ எடுக்கிறார்களே, அந்தக் கூட்டம் ஒன்று ஆனியில் வந்தது. ராமர் சீதை மாதிரி எடுக்க வேண்டுமாம். வில்லை வாடகைக்குக் கேட்டார்கள். அம்பு விடுவதாக இருந்தால் வாடகையே வேண்டாம் என்று சொல்லி, நானும் கூடவே திருமுக்கூடலுக்குப் போனேன். மூன்று ஆறு சேருகிற இடத்தில் அன்று மணல்தான் அதிகம் சேர்ந்திருந்தது.

மாப்பிள்ளை வில்லைத் திருப்பிப் பிடித்திருந்தான். நாண் எதிரியைப் பார்த்துக்கொண்டும், மரம் அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டும் இருந்தது. அப்படி இழுத்தால் தன் வயிற்றிலேயே விட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான் போய் நேராக்கினேன். வெளிச்சம் முகத்தில் படவில்லை என்று போட்டோக்காரப் பையன் மறுபடி திருப்பி வைத்தான். மூன்று தரம் இப்படி நடந்த பிறகு, அம்பையாவது வையுங்கள் என்று கத்திவிட்டேன்.

அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "அம்ப கம்ப்யூட்டர்ல போட்டுக்குவோம்ணா, நீங்க டென்ஷன் ஆவாதீங்க."

பரம்பரை

ஆடி பிறந்துவிட்டது. அமுதா தறிக்குழி தோண்ட ஆள் பார்த்து வைத்துவிட்டாள். குழிக்கு எங்கே கோடு போடுவது என்று அளந்துகூடப் பார்த்தாள், என் இழைப்புளியைக் காலால் நகர்த்திவிட்டு. அந்தச் சமயத்தில்தான் செல்போனில் வீடியோ போடுகிற தம்பி ஒருவன் வந்து சேர்ந்தான்.

என் கையை எடுத்தான், உளியை எடுத்தான், வியர்வையை எடுத்தான். எல்லாம் மெதுவாக ஓடுமாம், பின்னால் புல்லாங்குழல் வருமாம். பிறகு, "எத்தன தலைமொறையா பண்றீங்க?" என்றான். நான் உண்மையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் யாரும் வில் செய்ததில்லை. வெளிநாட்டில் தாடி வைத்த ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து வில் இழைக்கும் வீடியோவைப் போனில் பார்த்துத்தான் கற்றேன். அவர் பேசுவது ஒரு அட்சரம் எனக்குப் புரியாது, ஆனால் கை புரிந்தது. முதல் பதினோரு வில்லும் உடைந்தன. இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் சொன்னேன், ஏனென்றால் அது பெருமைதான்.

அவன் முகம் வாடிவிட்டது. ரெக்கார்டை நிறுத்தி, என் தோளில் கை வைத்தான்.

"அண்ணா, அத மட்டும் சொல்லாதீங்க, வீடியோவ யாரும் பாக்க மாட்டாங்க. பல்லவர் காலத்துல இருந்து பண்றோம்னு சொல்லுங்க, கமெண்ட்ல அழுவாங்க."

புடவையும் வில்லும்

பல்லவர் என்று நான் சொல்லவில்லை. அவனே எழுதிப் போட்டுக்கொண்டான். கமெண்டில் அழுதார்கள். அந்த அழுகையால் நடந்த ஒரே நன்மை, தேவகி என் கடைக்கு வழி கண்டுபிடித்து வந்ததுதான்.

தேவகிக்கு ஊர் ஏனாத்தூர் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பார்ட்ஸ் அடுக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் வில் பயிற்சி. மர வில் பிரிவு. மாநிலப் போட்டிக்கு மாவட்டத் தேர்வு நடக்க இருக்கிறது, அதில் தேறி மாநிலத்தில் பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு எழுதிப் போடலாம், அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இந்த நேரம் பார்த்து அவள் வில் பிளந்துவிட்டது. கல்கத்தாவிலிருந்து வரவழைத்த வில். வேறு ஒன்று வரவழைக்க நாள் இல்லை.

அவள் குச்சி என்ன விலை என்று கேட்கவில்லை. ஒன்றை எடுத்து, ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து நுனிவரை நேர் பார்த்தாள். நாண் கேட்டாள். தானே பூட்டினாள். காது வரை இழுத்து, நிறுத்தி, விட்டுவிடாமல் மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்தாள். நாலு வருஷத்தில் என் வில்லை வெறுமனே சுண்டிப் பார்க்காத முதல் ஆள் அவள்தான்.

அடுத்த ஞாயிறு நானே வில்லை எடுத்துக்கொண்டு அவளோடு மைதானத்துக்குப் போனேன். அவளுடைய கோச் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் வில் என்று கேட்டார். இந்த ஊர்தான் என்றேன். மனிதர் வில்லைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தேவகியைப் பார்த்துத்தான் பேசினார்.

"காஞ்சிவரத்துல பொடவ வாங்கலாம், வில்லு வாங்கக் கூடாதுமா."

ஸ்டிக்கர்

மூன்று நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கிய தேவகி நேராகக் கடைக்கு வந்தாள். கையில் பிளந்த பழைய வில். அதன் பிடிக்கு மேலே கல்கத்தா என்று போட்ட ஸ்டிக்கர் ஒன்று இருந்தது, நீலத்தில் தங்க எழுத்து. அதை வெந்நீர்த் துணி வைத்து உரித்து, என் வில்லில் ஒட்டித் தர முடியுமா என்று கேட்டாள். கேட்கும்போது தரையைப் பார்த்தாள். அவளுக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

நான் முதலில் முடியாது என்றேன். பிறகு யோசித்தேன். மகாளய அமாவாசை அன்று தேர்வு. அதற்குப் பிறகு கொலு வைத்துவிடுவார்கள், ஆயுத பூஜை வந்துவிடும். அவளுக்கு இந்த வருஷத்தை விட்டால் வேறு வருஷம் இல்லை, எனக்கு இந்த அமாவாசையை விட்டால் முன்னறை இல்லை. ரோஷத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் என்ன செய்வது? அடுப்பில் வெந்நீர் வைத்தேன். பழைய வில்லின் பிடித் துணியையும் எடுத்துச் சுற்றினேன். நாணை மட்டும் மாற்ற முடியவில்லை, பழைய நாண் வில் பிளந்தபோதே அறுந்துபோயிருந்தது. அமுதா முறுக்கிய அரக்கு நாணையே விட்டுவிட்டேன்.

ஊரில் நான் செய்த எத்தனையோ வில் பெயரில்லாமல் சுவரில் தொங்குகின்றன. பெயரோடு போன முதல் வில்லில் அடுத்தவன் பெயரை என் கையாலேயே, என் பசையாலேயே ஒட்டினேன். பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தேவகி மெதுவாகச் சொன்னாள்.

"கோணலா ஒட்டிடாதீங்கண்ணா, ஒரிஜினல்ல நேரா இருக்கும்."

அமாவாசை

அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. அதனால் அமுதாவால் வர முடிந்தது. காலையில் தர்ப்பணம் முடித்து, சாப்பிட்டு, இருவரும் மைதானத்துக்குப் போனோம். ஸ்டிக்கர் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என் வில் என்று ஒத்துக்கொள்ள மாட்டாள் என்ற பயம்.

கல்கத்தாவிலிருந்து அவசரமாக வரவழைத்த புது வில் என்று தேவகி கோச்சிடம் சொல்லிவைத்திருந்தாள். அவர் அவள் கையிலிருந்து வில்லை வாங்கினார். ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் தடவினார். எடை பார்த்தார், தலையாட்டினார். அவர் தொட மறுத்த அதே வில். பிறகு தேவகி கோட்டில் போய் நின்றாள். அவள் இழுத்தபோது மேல் கையும் கீழ் கையும் சமமாக வளைந்தன, அதை அங்கே கவனித்தவன் நான் ஒருவன்தான். அம்பு போனது. முப்பது மீட்டருக்கு அப்பால் டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை நாலு வருஷமாக ஒரு வெளியாளின் கையிலிருந்து கேட்க வேண்டும் என்று இருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்கே வெட்கமாக இருந்தது. அமுதாவின் கையைப் பிடித்து, "பாத்தியா?" என்றேன்.

தேவகி இரண்டாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்கு அது போதும். கோச் வில்லைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, மற்றப் பிள்ளைகளிடம் சத்தமாகச் சொன்னார், வில்லென்றால் கல்கத்தாதான், உள்ளூர்ச் சரக்கை நம்பியிருந்தால் இவள் இன்று வீட்டுக்குப் போயிருப்பாள் என்று. தேவகி என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் என் வில் என் பெயருக்கு வந்துவிடும், அவள் பெயர் பட்டியலில் இருக்குமோ இருக்காதோ. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அமுதா நேராகப் போய், தேவகியிடமிருந்து வில்லை வாங்கி, நாணில் விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பந்தயம் போயிற்று என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், ஸ்டிக்கர் உட்பட. பஸ் ஸ்டாண்டு வரும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வில்லு கல்கத்தாவாவே இருந்துட்டுப் போவட்டும். நாணு என்னுது, நான் முறுக்குனது எனக்குத் தெரியாதா? அம்ப தள்ளுனது நாணுதான, அப்ப பந்தயத்துல ஜெயிச்சது நானு. தரை எனக்கு, சுவரு உங்களுக்கு."

ரயில்

ஆயுத பூஜைக்கு முன்னாலேயே குழி தோண்டித் தறி போட்டாகிவிட்டது. மைத்துனி வந்து உட்கார்ந்துவிட்டாள். வில்லை மாட்டி இழுத்துப் பார்க்கிற சுவர் என்னிடமே இருக்கிறது. இழைப்பதைக் கொல்லையில் வைத்துக்கொள்கிறேன். மழை வந்தால் வேலை இல்லை, வெயில் அடித்தால் மரம் என்னைவிடச் சீக்கிரம் காய்கிறது.

பூஜை அன்று சாயங்காலம் பொரி, கடலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது தேவகி வந்தாள். முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கும் இதே வில் வேண்டும், ஆறு வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டாராம். கல்கத்தாவில் யாரிடம் வாங்கினாளோ அவர்களிடமே கேட்டு, எத்தனை நாளில் வரும் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னாராம். இனி ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன் என்று எழுந்தேன். ஸ்டிக்கர் கேட்கவில்லை, அரக்கு நாண் இருந்தால் போதுமாம், கல்கத்தா சரக்கென்றால் அரக்கு நாண்தான் அடையாளம் என்று கோச் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாராம்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அமுதா புதுத் தறிக்குப் பொட்டு வைத்துவிட்டு, சந்தனக் கையோடு என் இழைப்புளிக்கும் ஒன்று வைத்தாள். ஆறு வில்லுக்கு எத்தனை நாள் ஆகும் என்று கண்ணாலேயே என்னைக் கேட்டாள். இரண்டு விரல் காட்டினேன். அவள் தேவகி பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு மாசம் ஆவும்னு சொல்லுமா. ரயிலு லேட்டு."

இத்தனை நாளில் இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான்: பிள்ளையார்பாளையத்தான் செய்தால் அது குச்சி, அதே குச்சி ரயில் ஏறி வந்தது என்றால் வில்.